சலோனென்: கோலைக் கீழே வைக்க முடியாத இசையமைப்பாளர்

செந்தூல்காரன்
பின்லாந்து இசையமைப்பாளரும் ஆர்கெஸ்ட்ரா நடத்துனருமான எசா-பெக்கா சலோனெனுக்கு இங்கே தனி இழை இல்லை. இளையராஜா சிம்பொனி இழையில், "எழுதியவரே ஏன் மேடையில் நின்று நடத்தவில்லை" என்று ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய், கடைசியில் இழைக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியவர் மைக்கெல் டாம்ஸ், எழுதியவர் ராஜா. இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எழுதுவது ஒரு வேலை, கையில் கோலோடு முன்னால் நின்று வாத்தியக்காரர்களை நடத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்று வாழ்கிறவர்களில் சலோனெனைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த இழை.

சுருக்கமாக அவர் கதை. 1958 ஜூன் 30, ஹெல்சிங்கியில் பிறந்தார். சிபெலியஸ் அகாடமியில் படித்தது பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளைக் குழல். இசையமைப்பை எய்னோயுஹானி ரவுதவாராவிடமும், ஆர்கெஸ்ட்ரா நடத்துவதை யோர்மா பனுலாவிடமும் கற்றார். கூடப் படித்தவர்கள் இசையமைப்பாளர்கள் மாக்னஸ் லிண்ட்பெர்க், காயா சாரியாஹோ, நடத்துனர் யுக்கா-பெக்கா சராஸ்தே. ஒரே காலத்தில் ஒரே கட்டடத்தில் இத்தனை பேர்! புதிய இசையை யாரும் வாசிக்க மாட்டேன் என்கிறார்களே என்று 1977-ல் இவர்களே 'கோர்வாட் அவுகி' என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். யாராவது ஒருத்தன் முன்னால் நின்று கைகாட்ட வேண்டுமே, சலோனென் நின்றார். நடத்துனராக வேண்டும் என்று கனவு கண்டு வந்த ஆள் இல்லை, தன் நண்பர்களின் இசை கேட்கப்பட வேண்டும் என்பதற்காகக் கோலை எடுத்தவர்.

அப்புறம் 1983 வந்தது. லண்டனில் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா, ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் மூன்றாம் சிம்பொனியை வாசிக்க வேண்டும், நடத்த வேண்டிய மைக்கேல் டில்சன் தாமஸுக்கு உடம்பு சரியில்லை. சில நாள் அவகாசத்தில் சலோனெனைக் கூப்பிட்டார்கள். வயது 25. அந்த ஸ்கோரை (முழு இசைக்குறிப்பை) அவர் அதற்கு முன் படித்ததே இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் சிம்பொனி, பெரிய ஆர்கெஸ்ட்ரா, பாடகி, பெண்கள் குழு, சிறுவர் குழு. ஒப்புக்கொண்டார், நடத்தினார், மறுநாளிலிருந்து அவர் உலகம் தேடும் நடத்துனர். அந்த சிம்பொனி எப்படித் தொடங்கும் தெரியுமா? எட்டு ஹார்ன்கள், வேறு துணையே இல்லாமல், ஒரே மெட்டைச் சேர்ந்து உரக்க ஊதும். ஹார்ன் வாசித்து வளர்ந்த பையனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைத்திருக்க முடியாது.

ரசிகை_ரவாங்
ஆரம்பமே நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த டில்சன் தாமஸ் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியில் 25 வருடம் இருந்தார், 2020-ல் அவர் இடத்துக்கு வந்ததும் சலோனென்தான். நாவலில் எழுதினால் செயற்கை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பினாங்கு_பியானோ_டீச்சர்
எல்லாரும் அந்த 1983 கதையை அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அது துரதிர்ஷ்டக் கதை. இசையமைப்பாளராக வர வேண்டிய ஒருவரை அந்த ஒரு மாலை வேறு பாதையில் தள்ளிவிட்டது. அதன் பிறகு ஸ்வீடன் ரேடியோ ஆர்கெஸ்ட்ராவில் சுமார் பத்து வருடம், 1992-லிருந்து 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக், 2008-லிருந்து 2021 வரை அதே லண்டன் ஃபில்ஹார்மோனியா, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ. இதற்கிடையில் எழுத நேரம் எங்கே? 1988-ல் 'ஃப்ளூஃப்' எழுதினார், பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பு என்று உலகம் திரும்பிப் பார்த்தது 'எல்.ஏ. வேரியேஷன்ஸ்', அது 1996-ல் எழுதி 1997-ல் அரங்கேறியது. நடுவில் எட்டு வருடம். முப்பதிலிருந்து முப்பத்தெட்டு வயது வரை. அந்த வயதில் மற்ற இசையமைப்பாளர்கள் எவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரே உறைக்குள் இரண்டு கத்தி இருக்காது.

செந்தூல்காரன்
டீச்சர், நீங்கள் சொன்ன எட்டு வருடத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

இருபதுகளில் அவர் எழுதியது கடுமையான ஐரோப்பிய நவீன இசை. இத்தாலியில் ஃபிராங்கோ டொனாடோனியிடமும் நிக்கோலோ காஸ்தில்யோனியிடமும் படித்தார். அந்த உலகத்தில் எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல்தான் நீளம்: மெட்டுத் தெரியக்கூடாது, சீரான தாளம் வரக்கூடாது, காதுக்கு இனிமையாக இருந்தால் சந்தேகம். லாஸ் ஏஞ்சலஸ் போன பிறகு, இந்தப் பட்டியலை மதிக்கிறவர்கள் அங்கே யாரும் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் நகரம் மட்டும் ஒருவரை மாற்றாது. ஒரே ஆர்கெஸ்ட்ராவின் முன்னால், வாரா வாரம், வருடக்கணக்கில் நின்றிருக்கிறார். மூன்றாவது வரிசையில் இருக்கும் கிளாரினெட்காரர் எவ்வளவு மெல்ல ஊதுவார், பாஸ்கள் எந்த வேகத்தில் தடுமாறும், எந்த ட்ரம்பெட்காரர் காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி, எல்லாம் தெரியும். 'எல்.ஏ. வேரியேஷன்ஸ்' அந்த ஆட்களுக்காகவே எழுதியது. கேட்டுப் பாருங்கள், கண்ணாடி முன் உட்கார்ந்து கற்பனையில் எழுதிய இசை மாதிரி ஒரு இடம்கூட இருக்காது. எல்லாக் கருவியும் தனக்கு வசதியான உயரத்தில், தனக்குப் பிடித்த வேலையைச் செய்கிறது, ஆனாலும் மொத்தம் பயங்கரச் சிக்கல்.

என் கட்சி இதுதான்: இசையமைப்பாளனுக்கு வேண்டியது ஓய்வு நேரம் இல்லை, தினமும் போய் நிற்க ஒரு ஆர்கெஸ்ட்ரா.

பிரிக்பீல்ட்ஸ்_வில்
நான் கர்நாடக வயலின்காரன், மேற்கத்திய இசையில் அரைகுறை. 'எல்.ஏ. வேரியேஷன்ஸ்' ஆறு ஆறு ஸ்வரம் கொண்ட இரண்டு கட்டுகளை வைத்து எழுதியது என்று எங்கேயோ படித்தேன். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் வந்துவிடுமாமே. அப்படியானால் அது இரண்டு ராகம் மாதிரிதானே? ஒன்றில் இல்லாதது மற்றதில்?

செந்தூல்காரன்
கணக்கு சரி தம்பி, ராகம் என்பது சரியில்லை. ஆறு ஸ்வரமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கார்டு அது, ஆரோகணம் அவரோகணம் கிடையாது, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம் எதில் நிற்கக்கூடாது என்ற பிடிப்பும் கிடையாது. அந்த இரண்டு கார்டையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். பிறகு இருபது நிமிடம் அவற்றைக் கிழித்து, நீட்டி, மெட்டாக்கி, தாளமாக்கிக் காட்டுகிறார். ராகம் தேடினால் ஏமாந்து போவீர்கள். அதற்குப் பதிலாகத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ஓட்டம் பிடிக்கும், மிருதங்கம் பழகிய காது அதைவிட்டு இறங்காது.

ரசிகை_ரவாங்
எனக்கு அவருடைய வயலின் கான்செர்ட்டோதான் (வயலின் முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா கூட வரும் படைப்பு) எல்லாவற்றுக்கும் மேல். 2009 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸ் பதவியை விட்டுப் போகிற நேரத்தில், லைலா ஜோசஃபோவிட்ஸ் வாசிக்க அவரே நடத்தினார். 2012-ல் இசையமைப்புக்கான கிராவமேயர் விருது கிடைத்தது. ஐபேட் விளம்பரத்தில் வந்த பிறகு கண்டவர்களும் கேட்டார்கள், அது வேறு விஷயம்.

இதன் தொடக்கத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். வயலின் தனியாக, முன்னறிவிப்பே இல்லாமல், நடு ஓட்டத்தில் தொடங்கும். ஏற்கெனவே ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், நாம்தான் தாமதமாகக் கதவைத் திறந்து உள்ளே வந்தோம் என்று தோன்றும். வில் நிற்கவே நிற்காது. அங்கங்கே மணி போல் சின்னச் சின்ன ஒலிகள் வந்து தொட்டுவிட்டுப் போகும். இரண்டாம் பகுதி நேர் எதிர், ஒன்றுமே நடக்காது, டிம்பனி முரசு மட்டும் இதயத் துடிப்பு மாதிரி. மூன்றாம் பகுதியில் டிரம்ஸ் செட்! ஆமாம், நம் கல்யாண மேடை பேண்டில் வைக்கிற அதே டிரம்ஸ் செட். கான்செர்ட் ஹாலில் அது வெளுத்து வாங்கும்போது பக்கத்தில் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கும். கடைசிப் பகுதிக்குப் பெயர் 'அதியூ', விடைபெறுதல். அதன் கடைசி கார்டு அதுவரை அந்தப் படைப்பில் எங்குமே வராத ஒன்று. போகிற போக்கில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டுப் போகிறார்.

இதை எழுதியது முழுநேர நடத்துனர். டீச்சர், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பினாங்கு_பியானோ_டீச்சர்
சொல்கிறேன் ரவாங். 2000-ல் அவர் ஒரு வருடம் நடத்துவதையே நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தார். அதைத் தொடர்ந்துதான் 'ஃபாரின் பாடீஸ்' 2001, 'இன்சோம்னியா' 2002, 'விங் ஆன் விங்' 2004 என்று வரிசையாக வந்தன. லாஸ் ஏஞ்சலஸை விடப் போகிறேன் என்று 2007-ல் அறிவித்தபோது சொன்ன காரணம் என்ன? எழுத அதிக நேரம் வேண்டும். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. உங்கள் வயலின் கான்செர்ட்டோ, வெளியே போகிற வாசலில் நின்றுகொண்டு எழுதியது.

சரி, வெளியே போனாரா? ஃபில்ஹார்மோனியாவுக்குப் போனார்!

ஹார்ன்_அப்பா
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் பள்ளி பேண்டில் பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறான், படிவம் மூன்று. பேண்டில் வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் இவன் கையில் கொடுத்தார்கள். இப்போது கணினியில் ஏதோ மென்பொருளை வைத்து நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறான், கேட்டால் கம்போசிங் என்கிறான். அவன் அம்மா அலறுகிறாள். இந்த சலோனென் ஹார்னில் தொடங்கியவர் என்று படித்ததும் இழை முழுவதும் படித்தேன். கோலாலம்பூரில் இப்படி ஒரு பிள்ளை எந்தப் பக்கம் போகலாம்? உபதேசம் வேண்டாம், வழி சொல்லுங்கள்.

பினாங்கு_பியானோ_டீச்சர்
ஐயா, முதலில் ஹார்னை விடவே விடாதீர்கள். பியானோ, வயலின் படிக்கிற பிள்ளைகள் நம் ஊரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள், ஹார்னுக்கு எந்தக் குழுவிலும் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வில் வாசிப்போடு தியரியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்கிறவனுக்கு அது சோறு. மலேசியன் ஃபில்ஹார்மோனிக்கின் (எம்பிஓ) இளையோர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று 2006-லிருந்து இருக்கிறது, தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், அதைக் குறியாக வைத்துக்கொள்ளட்டும். பிறகு யுஐடிஎம், யுசிஎஸ்ஐ என்று பட்டப்படிப்புக்கு இங்கேயே பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. மென்பொருளில் எழுதுவது தப்பில்லை, ஆனால் அது எதை வேண்டுமானாலும் வாசித்துக் காட்டிவிடும், மூச்சு வாங்கவே வாங்காது. எழுதியதை நண்பர்களிடம் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது என்று அப்போது தெரியும்.

செந்தூல்காரன்
டீச்சர் கடைசியில் சொன்னது என் கட்சி! பரவாயில்லை, கூச்சப்படாமல் வாருங்கள்.

ஹார்ன் அப்பாவுக்கு ஒரு விஷயம். யோர்மா பனுலாவின் வகுப்பு எப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். மாணவர்கள் நடத்திப் பழக நிஜமான ஆர்கெஸ்ட்ரா ஒன்று வகுப்பிலேயே இருக்கும். பையன் நடத்துவான், வீடியோ எடுப்பார்கள், அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆசிரியர் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார், திரையில் தன் கை தேவையில்லாமல் ஆடுவது பையனுக்கே தெரிந்துவிடும். சராஸ்தே, சகாரி ஓரமோ, சூசன்னா மால்க்கி, இன்று எல்லாரும் பேசும் கிளாவுஸ் மாகெலா, எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். பின்லாந்தின் மொத்த மக்கள் தொகை சிலாங்கூர் மாநிலத்தைவிடக் குறைவு. ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள ஒரு நாடு உலகத்துக்கே நடத்துனர்களை அனுப்புகிறது என்றால் அது ரத்தத்தில் வந்தது இல்லை, வகுப்பறையில் ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்தது.

நம்மிடம் என்ன குறை? 1998 ஆகஸ்டில் கீஸ் பாக்கல்ஸ் தலைமையில் எம்பிஓ வாசிக்கத் தொடங்கியது. இரட்டைக் கோபுரத்தின் காலடியிலேயே அதற்கென்று அருமையான அரங்கம். தாஜுல் தாஜுதீன், சொங் கீ யோங் மாதிரி நம் நாட்டு இசையமைப்பாளர்கள் வெளிநாட்டில் படித்துப் பெயரும் வாங்கினார்கள். ஆனால் ஒரு இளம் மலேசிய இசையமைப்பாளர், வாரா வாரம் ரிகர்சலில் போய் நின்று, "இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்கிற நிலைமை வந்தால்தான் நமக்கும் ஒரு சலோனென். பத்து நிமிடப் படைப்பு ஒன்றை ஒரே ஒரு மாலை வாசித்து, மாலை போட்டு அனுப்பிவிட்டால் அவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பழைய_பேண்ட்மாஸ்டர்
மாலையாவது போட்டார்களே. எங்கள் காலத்தில் போலீஸ் பேண்டு, பள்ளி பேண்டு, கோயில் திருவிழா, அவ்வளவுதான். அரங்கத்துக்குள் போக வேண்டுமென்றால் மாலை நிகழ்ச்சிக்கு கோட்டு இல்லாவிட்டால் முழுக்கை பாத்தேக் சட்டை, அதைக் கேட்டே பாதிப் பேர் வெளியே நின்றார்கள். பகல் காட்சிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, ஹார்ன் தம்பியை அதற்குக் கூட்டிப் போங்கள். மேல் இருக்கையில் உட்கார வையுங்கள், ஹார்ன்காரர்கள் ஹார்னின் அகன்ற வாய்க்குள் கையை எப்படி வைக்கிறார்கள் என்று அங்கிருந்துதான் தெரியும்.

ஒரு கேள்வி. சான் ஃபிரான்சிஸ்கோவில் என்ன தகராறு? பாதியிலேயே போய்விட்டாராமே.

ரசிகை_ரவாங்
பாதியில் இல்லை ஐயா, ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்கவில்லை. 2024 மார்ச்சில் அறிவித்தார். அந்த அமைப்பின் எதிர்காலம் பற்றி நிர்வாகக் குழுவுக்கு இருக்கும் இலக்குகள் தன்னுடையவை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வழக்கமாக இந்தத் துறையில் எல்லாரும் குடும்பத்தோடு நேரம் செலவழிக்கப் போகிறேன் என்று பூசி மெழுகுவார்கள். பிரச்சினை பணம்தான். நிர்வாகம் சுற்றுப்பயணத்தையும் புதிய முயற்சிகளையும் வெட்டியது. அவர் அங்கே போனதே அந்தப் புதிய முயற்சிகளுக்காக. 2025 ஜூனில் மாலர் இரண்டாம் சிம்பொனியோடு விடைபெற்றார். வாத்தியக்காரர்கள் அவர் பக்கம்தான் நின்றார்கள்.

பினாங்கு_பியானோ_டீச்சர்
பாருங்கள், இதுதான் நான் சொல்வது. பட்ஜெட், நிர்வாகக் குழு, நன்கொடையாளர் விருந்து, இதெல்லாம் இசையமைப்பாளர் தலையிலா விழ வேண்டும்? லாஸ் ஏஞ்சலஸில் ஆர்கெஸ்ட்ராவின் புது அரங்கமான டிஸ்னி ஹாலைக் கட்டி முடிக்க எத்தனை வருடம் இழுத்தது! 1987-ல் வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியன் டிஸ்னி ஐந்து கோடி டாலர் கொடுத்தார், திறந்தது 2003-ல். நடுவில் பணமில்லாமல் வேலை நின்றது. அத்தனைக்கும் முகமாக நின்றவர் இவர்.

செந்தூல்காரன்
அந்த ஹாலிலிருந்துதான் 'விங் ஆன் விங்' வந்தது, அதைச் சொல்ல விட்டுவிட்டீர்களே! கட்டடத்தை வரைந்த ஃபிராங்க் கெரியின் பேச்சுக் குரலைப் பதிவு செய்து ஆர்கெஸ்ட்ராவுக்குள் கலந்திருக்கிறார், அப்புறம் ஒரு மீன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கலிஃபோர்னியா கரையோரம் வாழும் ஒரு மீன், ஆண் மீன் துணையைக் கூப்பிட இரவில் ஓயாமல் முரலும், அந்த ஒலியும் உள்ளே இருக்கிறது. இரண்டு சொப்ரானோக்கள் (மேல்ஸ்தாயிப் பாடகிகள்) உச்சத்தில் பாடுகிறார்கள். ஒலியமைப்பு நிபுணர் யசுஹிசா டொயோட்டா அமைத்த அந்த அரங்கத்தின் ஒலியில் எது எங்கே போய் எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். நிர்வாகத் தலைவலியோடு வந்தது என்றால் இருக்கட்டுமே.

மாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முழுவதும் ஓபரா நடத்திவிட்டு, கோடை விடுமுறையில் ஏரிக்கரைக் குடிசையில் உட்கார்ந்து எழுதியவர். சலோனெனுக்கு 1983-ல் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த மூன்றாம் சிம்பொனி, ஸ்டைன்பாக் என்ற ஊரின் ஏரிக்கரையில் விடுமுறையில் எழுதியது.

பினாங்கு_பியானோ_டீச்சர்
மாலர் ஐம்பது வயதில் செத்துப் போனார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வில்
நேற்று இரவு வயலின் கான்செர்ட்டோ கேட்டேன். முதல் பகுதியில் வில்லைத் திருப்புகிற இடங்களைக் கவனித்தேன், மனுஷி எங்கே ஓய்வெடுக்கிறார் என்றே தெரியவில்லை. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போதாவது வயலின்காரன் கையைத் துடைத்துக்கொள்வான். இரண்டாவது பகுதி பிடிபடவில்லை. டிரம்ஸ் பகுதியை என் மிருதங்க நண்பனுக்கு அனுப்பினேன், "கணக்கு சரியாக வருகிறது, ஆனால் சமம் எங்கே என்று ஒளித்து வைக்கிறான்" என்று பதில் போட்டான்.

ஹார்ன்_அப்பா
டீச்சருக்கும் ஐயாவுக்கும் நன்றி. பையனிடம் காட்டினேன். அவன் கேட்கச் சொன்ன கேள்வி: ஹார்ன்காரரான சலோனென் ஹார்னுக்கு என்று ஒன்றும் எழுதவில்லையா?

ரசிகை_ரவாங்
எழுதிவிட்டார். பியானோவுக்கு 2007-ல், யோ-யோ மா வாசிக்க செல்லோவுக்கு 2017-ல், ஆர்கனுக்கு 2023-ல் என்று சுற்றி வந்து, ஹார்ன் கான்செர்ட்டோ 2025 ஆகஸ்டில் லூசெர்ன் விழாவில் அரங்கேறியது. வாசித்தவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை ஹார்ன்காரர் ஸ்டெஃபான் டோர். பையனை டோர் வாசிக்கிற வேறு பதிவுகளையும் தேடிக் கேட்கச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்
அந்த ஆர்கன் படைப்பைத்தான் நம் அரங்கத்தில் கேட்க ஆசை. மேடைக்குப் பின்னால் கிளைஸ் நிறுவனத்தின் பெரிய ஆர்கன் கம்பீரமாக நிற்கிறது, வருடத்தில் எத்தனை முறை அது வாய் திறக்கிறது? பழைய படைப்புகளுக்கே அதைக் காப்பாற்றி வைக்காமல், உயிரோடு இருக்கிற ஒருவர் எழுதியதை வாசித்துக் காட்டலாம். நுழைவுச்சீட்டு எத்தனை வெள்ளி என்றாலும் நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.

பினாங்கு_பியானோ_டீச்சர்
வாங்கி எனக்கும் ஒன்று வையுங்கள், பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி வருகிறேன். ஆனாலும் வாதத்தை விட மாட்டேன். சலோனெனுக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, இன்னும் முழு நீள ஓபரா ஒன்று எழுதவில்லை. கூடப் படித்த சாரியாஹோ 2023-ல் காலமாகும் முன் பல ஓபராக்களை விட்டுச் சென்றார், அவர் கோலைக் கையில் எடுத்தவர் இல்லை. இவரோ 2027-லிருந்து பாரிஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்கிறார். இனி எப்போது எழுதுவார்?

பழைய_பேண்ட்மாஸ்டர்
கோடை விடுமுறையில் எழுதுவார் டீச்சர்.